கியர் கர்ருன்னு கத்தினா கியர் பாக்ஸை இறக்கணுமா?

(நெற்குப்பையில் நடைபெற்ற கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



சேமிப்பு, வசூல், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மீதி நேரத்துல இன்னைக்கு ஒரு வண்டிச் சமாச்சாரம் பேசப் போறேன். "நமக்கெதுக்கும்மா வண்டிச் சமாச்சாரம்"னு பின்வரிசையில ஒரு அக்கா சிரிக்கிறது எனக்குத் தெரியுது. காரணம் இருக்கு அக்கா. நம்ம குழுக்கள்ல வண்டிக்காகக் கடன் வாங்கினவங்க இருக்காங்க. ஆம்னி வேன் இருக்கு, குட்டி யானை இருக்கு. வண்டி நம்ம பேருல இருக்கு, தவணையும் நம்ம பேருல இருக்கு. ஆனா வண்டி கெட்டுப்போனா மட்டும் அது ஆம்பளைங்க விஷயம்னு ஒதுங்கிடுறோம். பில் வந்ததும் மறுபடியும் நம்ம விஷயமாயிடுது.

போன மாதம் ஒரு குழுவில் கடன் மனு ஒன்று வந்தது. மனு கொடுத்த அக்கா பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்திருக்கிறார். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். நடுவில் நேரம் கிடைத்தால் பொன்னமராவதிக்குக் காய்கறி லோடு. அந்த வேனில் கியர் போடும்போதெல்லாம் "கர்ர்ர்"னு சத்தம். பட்டறையில் காட்டினால், "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கிப் பார்க்கணும், பதினெட்டாயிரம் ஆகும், வண்டி பத்து நாள் நிக்கணும்" என்றார்களாம். பத்து நாள் வண்டி நின்றால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடும். அந்த மாதத் தவணை நிற்கும். ஒருவர் தவணை நின்றால் அடுத்த முறை குழு மொத்தமும் வங்கியில் தலை குனிந்து நிற்க வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழுவில் கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்கள். அப்போது கார் ஓட்டப் பழகிய உறுப்பினர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மதினி, இஞ்சினை அணைச்சுட்டுப் போட்டா கியர் விழுதா?"

"அதெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுதே" என்றார் வேன்காரர்.

"அப்ப கியர் பாக்ஸ் ஏன் இறக்கணும்?"

இந்தக் கேள்விக்குள்ளதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இருக்கு. அது புரியணும்னா கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கணும். பயப்படாதீங்க, கிரைண்டர் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியும்.

மாவு அரைக்கிற கிரைண்டர்ல மோட்டார் ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம். நடுவுல பெல்ட். மோட்டார் ஓடிக்கிட்டிருக்கும்போதே பெல்ட்டைத் தளர்த்திவிட்டா என்ன ஆகும்? மோட்டார் ஓடும், கல்லு நின்னுடும். வண்டியில அந்தத் தளர்த்துற வேலையைச் செய்றதுதான் கிளட்ச். கால் கிளட்ச்சை மிதிச்சா இஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. காலை எடுத்தா ரெண்டும் ஒட்டிக்கும்.

இப்ப பெல்ட்டைச் சரியாத் தளர்த்தலைன்னு வைங்க. லேசா உரசிக்கிட்டே இருக்கு. கல்லு நிக்காம மெதுவாச் சுத்திக்கிட்டிருக்கும். கிளட்ச்சும் அப்படித்தான். நாம மிதிச்சுட்டோம்னு நினைக்கிறோம், உள்ளே முழுசா விடுபடலை. கியர் பாக்ஸுக்குள்ள போற தண்டு சுத்திக்கிட்டே இருக்கு. வண்டியோ நிக்குது. சுத்துற பல்லை நிக்கிற பல்லோட கொண்டுபோய்ச் சேர்த்தா ரெண்டும் மோதும். அந்த மோதல்தான் கர்ர்ர். கியர் பாக்ஸ் பேருல குத்தம் இல்லை. அது கிளட்ச் செய்த தப்புக்குக் கத்துது.

அதனால இஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் நின்ற இடத்தில் கத்தினால், சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான் போகவேண்டும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், நிற்கக் கூடாது. இஞ்சின் ஓடட்டும். கிளட்ச்சைத் தரை வரைக்கும் மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிவிட்டு, பிறகு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு நேரம் பொறுத்தும் கத்தினால் கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். பொறுத்துப் போட்டால் கத்தவில்லை, அவசரமாகப் போட்டால் மட்டும் கத்துகிறது என்றால் பெரும்பாலும் அது நம் அவசரம்தான்.

ஏன் ரிவர்ஸ் என்று கேட்கலாம். முன்னால் போகும் கியர்களுக்கு உள்ளே ஒரு பித்தளை வளையம் உண்டு. பட்டறையில் சிங்க்ரோ ரிங் என்பார்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் இருக்காது. அதனால் கிளட்ச் கோளாறு முதலில் ரிவர்ஸில்தான் கத்திக் காட்டிக்கொடுக்கும்.

அந்த வளையம் என்ன வேலை செய்யுதுன்னு கேளுங்க. ஓடுற பஸ்ஸுல ஏறுறவங்களைப் பார்த்திருக்கீங்கல்ல? (ஏறச் சொல்லலை, பார்த்திருக்கீங்களான்னுதான் கேட்டேன்.) நின்ன வாக்குல தாவினா விழுந்து பல்லு போகும். பஸ்ஸோட சேர்ந்து நாலடி ஓடி, ரெண்டு வேகமும் ஒண்ணானதும் கம்பியைப் பிடிச்சு ஏறுவாங்க. அந்த நாலடி ஓட்டத்தைத்தான் அந்த வளையம் செய்யுது. ரெண்டு பக்க வேகத்தையும் உரசி உரசி ஒண்ணாக்கும், அப்புறம்தான் பல்லோடு பல் சேரும். 1928-ல் அமெரிக்காவில் கேடிலாக் காரில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது. அதற்கு முன்னால் கார் ஓட்டியவர்கள் காதால் கேட்டு, காலால் கணக்குப் பார்த்து வேகத்தை ஒன்றாக்கித்தான் கியர் மாற்றவேண்டும். நம்ம பக்கத்து ஆச்சி வீடுகள்ல அம்பாசிடர் ஓட்டின பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. பழைய அம்பாசிடர்ல முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. வண்டி உருண்டுகிட்டிருக்கும்போது முதல் கியர் போட்டா கத்தும். அது கோளாறே இல்லை, அந்த வண்டியோட சுபாவம்.

சரி, ஆம்னி வேனுக்கு வருவோம். அந்த வண்டியில் கிளட்ச் மிதியிலிருந்து ஒரு கேபிள் போகிறது, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி. நாளாக ஆக அது நீண்டுவிடும், அல்லது இழை இழையாகப் பிரியும். மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் கனமில்லாமல் சும்மா போகும், பிறகுதான் இறுகும். அந்தச் சும்மா போகிற தூரம் சுமார் ஒரு விரல் அகலம் இருக்கும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சும்மா போகிற தூரம் மூன்று நான்கு விரல் அகலமாகிவிட்டால், நாம் தரை வரை மிதித்தாலும் உள்ளே பாதிதான் விடுபடும். கேபிள் முனையில் திருகி இறுக்க ஒரு நட் இருக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிட வேலை. இந்த அக்காவின் வேனில் கேபிளே பிரிய ஆரம்பித்திருந்தது. புதுக் கேபிளும் கூலியும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. வண்டி அரை நாள் நின்றது.

சில வண்டிகளில் கேபிள் இருக்காது, எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச் வேலை செய்யும். அதில் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து மிதித்தால் கியர் சுலபமாக விழுகிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது எங்கேயோ கசியலாம். எண்ணெய் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா, மிதிக்குப் பின்னாலோ வண்டிக்குக் கீழேயோ ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

இதையெல்லாம் பார்க்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. மிதிக்கு அடியில பாருங்க. மிதியடி சுருண்டு கிடக்கும். தண்ணிப் பாட்டில் உருண்டு போய் மாட்டிக்கிட்டிருக்கும். ஆறு மாசமா மிதி தரையைத் தொடலைன்னா கிளட்ச் என்ன செய்யும்?

அப்புறம், இது நமக்கே உரிய விஷயம். சீட்டு. வீட்டு ஆம்பளைங்க உயரத்துக்குத் தள்ளி வச்ச சீட்டுலயே நாமளும் உட்கார்ந்து ஓட்டுறோம். கால் முழுசா எட்டாது. நுனி விரலால மிதிக்கிறோம். கிளட்ச் முக்கால் பங்குதான் போகும், கியர் கத்தும். உடனே "பொம்பளை ஓட்டினா கியரைத் தேய்ச்சுப்புடுவா"ன்னு பேச்சு. கால் நீளத்துக்கும் பொம்பளைக்கும் என்னங்க சம்பந்தம்? சீட்டை முன்னால இழுங்க. கிளட்ச்சைத் தரை வரைக்கும் மிதிச்சாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கின மாதிரியே இருக்கணும். சீட்டு நகராத வண்டின்னா முதுகுக்குக் கெட்டியான தலையணை வைங்க, அமுங்கிப்போற பஞ்சு வேண்டாம். தொளதொளன்னு இருக்கிற செருப்பைக் கழற்றிடுங்க. புடவைக் கொசுவம் மிதியில மாட்டாம இழுத்துச் செருகிக்கங்க.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துல 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்பவும் கேலி பேசினாங்க. 1993-ல் குமரி மாவட்டத்துல வசந்தகுமாரின்னு ஒருத்தர் அரசுப் பேருந்துக்கே ஓட்டுநராச் சேர்ந்தாங்க. பஸ் கிளட்ச்சை மிதிச்ச கால் அது. ஆம்னி கிளட்ச் நமக்கு எட்டாமலா போகும்?

இப்ப அடுத்த வண்டி. எல்லாக் கத்தலும் கேபிள்ல முடிஞ்சுடும்னு நினைச்சுடக் கூடாது, அதுக்காகத்தான் இதைச் சொல்றேன். இன்னொரு குழுவில் ஒரு குட்டி யானை. சிங்கம்புணரியிலிருந்து கயிறு, தேங்காய் நார் ஏற்றி ஓடுகிற வண்டி. அதில் நின்ற இடத்தில் எந்த கியரும் கத்தாது. ரிவர்ஸ் கூடச் சத்தமில்லாமல் விழும். ஓட்டத்தில், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் கர்ர். பிரான்மலைப் பக்கம் லோடோடு போகும்போதெல்லாம் இதே கதை.

ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் ஓட்டத்தில் மட்டும் கத்தினால், நான் சொன்ன அந்தப் பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். இரண்டாவது கியரில்தான் இது அதிகம், ஏனென்றால் அங்கேதான் ஏற்றி இறக்குவது அதிகம். இதற்கும் ஒரு சோதனை உண்டு. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்ச்சை விடுங்கள், ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி கிளட்ச்சை மிதித்து இரண்டாவதில் போடுங்கள். லாரிக்காரர்கள் டபுள் கிளட்ச் என்பார்கள். இப்படிச் செய்தால் வேகத்தை நாமே ஒன்றாக்கிக் கொடுத்துவிடுகிறோம். சத்தம் போய்விட்டால் வளையம்தான் காரணம். காலியான ரோட்டில், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் இதைச் செய்து பார்க்கவேண்டும்.

அந்தக் குட்டி யானையை ஓட்டிய தம்பி எட்டு மாதம் அமுக்கி அமுக்கிப் போட்டே ஓட்டினார். "சத்தம்தானே வருது, வண்டி ஓடுதுல்ல" என்பார். வளையம் முழுக்கத் தேய்ந்தது. பிறகு கியரின் பல்லே மோதி மோதி முனை உடைந்தது. உடைந்த இரும்புத் துணுக்குகள் எண்ணெயோடு சேர்ந்து சுற்றி பேரிங்கையும் அரித்துவிட்டன. ஒரு வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை கியர், பேரிங் வரைக்கும் போனது. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், கியர் பாக்ஸை இறக்கி ஏற்றித்தான் ஆகவேண்டும். சாமான் விலைதான் எங்கேயோ போய்விட்டது. அந்தக் குடும்பம் இரண்டு தவணை பின்தங்கி, அதை நேர் செய்ய ஒரு வருடம் ஆனது.

எண்ணெய் என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் ஆயிலை எல்லோரும் பார்க்கிறார்கள், கியர் ஆயிலை யாரும் பார்ப்பதில்லை. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். பொதுவாக அதைத் திறந்தால் எண்ணெய் அந்த ஓட்டையின் அடி விளிம்பு வரைக்கும் நிற்கவேண்டும். குறைந்தால் கத்தும், வளையமும் சீக்கிரம் தேயும். ஆனால் தனியாக ஜாக்கியில் தூக்கிவிட்டு வண்டிக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது. இதைப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெய் மாற்றும்போது வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். மஞ்சள் மினுக்கு பொடியாக இருந்தால் பித்தளை தேய்கிறது. கையில் குத்துகிற மாதிரி இரும்புச் சில்லு வந்தால் பல்லிலோ பேரிங்கிலோ சேதம், தள்ளிப்போடக் கூடாது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கடையில் இருப்பதை ஊற்றிவிடுவார்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டின்னில் போட்டிருக்கும். நம்பர் பெரிதாக இருந்தால் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கிற கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் வளையம் வழுக்கிக்கொண்டு பிடிக்காமல் போகலாம், சில எண்ணெய்கள் பித்தளையையே கெடுக்கும். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பதைத்தான் ஊற்றவேண்டும்.

கத்தல் வேறு, ஊளை வேறு. இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நியூட்ரலில் கிளட்ச்சில் கால் வைக்காதபோது ஒரு ஊளைச் சத்தம் வந்து, மிதித்ததும் அது நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதியின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் போகும். ஏற்றத்தில் வண்டியைப் பாதிக் கிளட்ச்சில் நிறுத்தி வைக்கிற பழக்கமும் அப்படித்தான். அதற்கு ஹேண்ட் பிரேக் இருக்கிறது.

எல்லா மெக்கானிக்கும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்ல வரலை. நல்ல கைக்காரர்கள் திருப்பத்தூரிலும் காரைக்குடியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம்தான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் "உடம்பு சரியில்லை"ன்னு மட்டும் சொன்னா டாக்டர் என்ன செய்வார்? எல்லா டெஸ்டும் எழுதுவார். "அண்ணே, கியர் கத்துது" என்று மட்டும் சொன்னால் அவரும் இறக்கிப் பார்க்கத்தான் சொல்வார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, இஞ்சின் ஆஃப்ல எல்லா கியரும் விழுது. ஓடும்போது ரிவர்ஸும் ஒண்ணும் கத்துது. அஞ்சு எண்ணிப் போட்டாலும் கத்துது. மூணு, நாலு ஓட்டத்துல பரவாயில்லை. முதல்ல கேபிளைப் பாருங்க." இப்படிச் சொல்கிற பெண்ணிடம் யாரும் லேசில் பதினெட்டாயிரம் சொல்ல மாட்டார்கள்.

கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு முறை அதற்காக இறக்கினால் இன்னொரு கூலி. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். கூச்சப்படாதீங்க, சேமிப்புப் பணத்துக்குப் பத்து ரூபாய்க்குக் கூடக் கணக்கு எழுதுறவங்கதானே நாம.

குழுக்களுக்கு என் கோரிக்கை ஒன்று. வண்டி ரிப்பேருக்குக் கடன் மனு வந்தால், தீர்மானப் புத்தகத்தில் தொகைக்கு முன்னால் மூன்று விஷயம் எழுதுங்கள். எந்த கியரில் கத்துகிறது? நின்ற இடத்திலா, ஓட்டத்திலா? இஞ்சின் அணைந்திருக்கும்போது விழுகிறதா? இதற்குப் பதில் இல்லையென்றால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், கடனை மறுக்க வேண்டாம். பழைய வண்டி வாங்கக் கடன் கேட்டாலும் இதே சோதனைகளை வாங்கும் முன்னால் செய்யலாம். காலையில் இஞ்சின் சூடேறாதபோது ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை. விற்கிறவர் முன்கூட்டியே இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இந்த நெற்குப்பை சோமலெ பிறந்த ஊர். ஊர் ஊராப் போய்ப் பார்த்து, கேட்டு, மாவட்டம் மாவட்டமா எழுதி வச்ச மனுஷன். நம்ம வண்டிக்கு ஒரு நாப்பது பக்க நோட்டுப் போட்டு, எண்ணெய் மாத்தின தேதி, கேபிள் மாத்தின தேதி, கிலோமீட்டர் எழுதி வைக்கிறது நமக்குக் கஷ்டமா என்ன?

பேட்டரி வண்டி வந்துட்டா இதெல்லாம் எதுக்குன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. பேட்டரியில ஓடுற பெரும்பாலான வண்டிகள்ல கிளட்ச் மிதியும் இல்லை, மாத்துற கியரும் இல்லை. ஆனா நாம தவணை கட்டிக்கிட்டிருக்கிற வண்டிகள்ல ரெண்டும் இருக்கு.

வெளியில அந்த ஆம்னி வேன் வந்து நிக்குது. அஞ்சு அஞ்சு பேரா வாங்க. சாவி போடாம முதல்ல எல்லாரும் நாலு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்க, மிதியைக் கையால அழுத்தி அளவு பாருங்க. அப்புறம் இஞ்சினை ஓட விட்டு அந்த அஞ்சு எண்ணுற சோதனை, ஓட்டத் தெரிஞ்சவங்க மட்டும். பிள்ளைகளைத் திண்ணைப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுங்க. முதல்ல சீட்டை முன்னால இழுக்கணும், யாராவது ஒரு கை கொடுங்க.